அழுதுகொண்டே வெட்டியவன்

ஜோத்பூர், கல்குவாரி மேடு
9 ஏப்ரல் 1987

லூணாசர் கிராமத்தில் சுகமாக வாழும் மிளகாய்த் தோட்டத்து மகாராஜா, என் கொழுந்தனார் புக்ராஜ் அவர்களுக்கு உங்கள் அண்ணி தாபு எழுதும் ராம் ராம். உங்கள் பெண்டாட்டி கவரிக்கும் ராம் ராம். மாட்டுக்கும் சொல்லிவிடுங்கள், அது உங்களைவிட மரியாதை தெரிந்தது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்குச் சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இல்லை. 'தாபு' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். எங்கள் அப்பாவுக்கு வரிசையாகப் பெண்ணாகப் பிறந்ததும், சாமியிடம் 'போதும்' என்று சொல்லி வைத்த பெயர் என்றேன். போதும் என்று பெயர் வைத்தவளுக்குத்தான் இந்த ஊரில் தண்ணீர் போதவில்லை.

நேற்று குழாயடியில் ஒரு மண்டை உடைந்தது. பயப்படாதீர்கள், உடைத்தது நான். ஸாயர் என்று ஒருத்தி, புதிதாக வந்தவள். ஜெய்சல்மேர்ப் பக்கம் எல்லாம் காய்ந்துபோய், ஆடு மாட்டோடு கூட்டம் கூட்டமாக வந்து இந்த மேட்டில் குடிசை போடுகிறார்களே, அந்தக் கூட்டம். என் குடத்தை எட்டி உதைத்துவிட்டு அவள் குடத்தை வைத்தாள்.

"எடுடி" என்றேன்.

"உங்கப்பன் வெட்டுன கிணறா இது?" என்றாள்.

"எங்கப்பன் வெட்டல. நான் வெட்டுறேன் பாரு" என்று பித்தளைக் குடத்தால் ஒரே போடு. குடம் நசுங்கிவிட்டது, அவ்வளவு கெட்டி மண்டை. ரத்தம் தொட்டியில் விழுந்தது. அந்தத் தொட்டித் தண்ணீரை எடுக்கலாமா கூடாதா என்று அடுத்த சண்டை. கடைசியில் ஒருத்தி முந்தானையில் வடிகட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

உங்கள் அண்ணன் கல் உடைப்பதை விட்டுவிட்டார். இப்போது ஒரு சேட்டிடம் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார். வண்டி மேடேறினால் பெண்கள் எல்லாம் கிருஷ்ணனைக் கண்ட கோபிகள் மாதிரி ஓடி வருகிறார்கள். நான் தடியோடு பக்கத்தில் நிற்கிறேன், தண்ணீரைக் காக்கவா புருஷனைக் காக்கவா என்று எனக்கே தெரியவில்லை. பாலி சாலைக் கிணறுகளில்தான் எடுக்கிறார். உங்கள் பக்கம் வருவதில்லை.

உங்கள் கிணறு எப்படி? பெரியவர்களுக்குக் கால் தொட்ட வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். நீங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை, உங்களுக்குக் காதைத் திருகி ஒரு ராம் ராம்.

தாபு

---

லூணாசர்
2 மே 1987

ஜோத்பூர் குழாயடி மகாராணி, மண்டை உடைக்கும் அண்ணிக்கு, கொழுந்தன் புக்ராஜ் எழுதும் ராம் ராம் படித்துக்கொள்ளவும். அண்ணனுக்குக் கால் தொட்ட வணக்கம். இங்கே உயிரோடு இருக்கிறோம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கவரி அழுதேவிட்டாள். ஒரு மூலை உள்பக்கமாக மடங்கிப் போயிருந்தது. மூலை கிழித்து அனுப்பிய சாவுச் சேதி என்று நினைத்துவிட்டாள். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதே, வேலிக்கு வெளியிலேயே நின்று ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். நான் போய் மடிப்பைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் வாயை மூடினாள். "அக்கா எழுதப் படிச்சது போதும், கொல்லப் பாக்குறாங்க" என்கிறாள்.

கிணற்றைக் கேட்டீர்கள். ஊர் எல்லையில் உங்கள் நகரத்துக்காகப் பெரிய போர்க் கிணறுகளை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். பகலும் ராத்திரியும் மோட்டார் உறுமுகிறது. ஒவ்வொரு உறுமலுக்கும் எங்கள் கிணறு கீழே போகிறது. எனக்கும் ஹட்மானுக்கும் பங்குக் கிணறு, உங்களுக்குத் தெரியும். அவர் தோட்டம் முழுவதும் போய்விட்டது. என் மிளகாயில் பாதி நிற்கிறது, பூ உதிர்கிறது. ஹட்மான் இப்போது கோடரியைத் தோளிலிருந்து இறக்குவதே இல்லை, தூங்கும்போதும் பெண்டாட்டிக்குப் பதில் அதுதான் பக்கத்தில்.

போன வாரம் வன்னி மரத்து முக்கில் ஊர்க்காரர்கள் ஒரு டேங்கரை மறித்தார்கள். ஒரு கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் டிரைவரின் வாயில் பட்டது. பல்லை மண்ணில் துப்பிவிட்டுக் கும்பிட்டான். அண்ணனை இந்தப் பக்கம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கவரி மிளகாய் வற்றல் கட்டி வைத்திருக்கிறாள், ஆள் வந்தால் கொடுத்தனுப்புவாள். எல்லாருக்கும் ராம் ராம்.

புக்ராஜ்

---

ஜோத்பூர்
21 மே 1987

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி தாபுவின் ராம் ராம். கவரியின் ஒப்பாரி நன்றாக இருந்ததா? நான் நிஜமாகவே போகும்போது அவளையே கூப்பிடுங்கள்.

கல்லை எறிந்தது யார் என்று எழுதவில்லையே. நீங்கள் இல்லை, அது எனக்குத் தெரியும். இலந்தைப் பழத்துக்கு எறிந்தால் பக்கத்து வீட்டுப் பானையை உடைக்கிற கை உங்களுடையது. டிரைவரின் வாயைக் குறி பார்த்து அடித்தது எவனோ கெட்டிக்காரன்.

இங்கே போன வாரம் டேங்கர் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓஸ் பைப்பின் நுனி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் ராஜா. அதை விடச் சொல்லி ஒருத்தன் இன்னொருத்தன் வயிற்றில் கத்தியைச் சொருகிவிட்டான். குத்து வாங்கியவன் விழுந்தான், நுனியை விடவில்லை. தண்ணீர் அவன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் அவனைச் சுற்றிக் குடத்தை வைத்தார்கள். நானும் வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். குடம் நிறைந்து இடுப்பில் தூக்கிய பிறகுதான், அவன் கண் திறந்தபடியே இருப்பதைப் பார்த்தேன். இதையும் சிரிக்கிற மாதிரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

மறுநாள் வேறொரு வண்டியின் டிரைவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். பாதித் தண்ணீரை வழியில் பணக்காரன் வீட்டில் இறக்கிவிட்டு வந்தானாம். காதிலிருந்து ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இப்போது சேட் எல்லா டிரைவருக்கும் ஆளுக்கொரு இரும்புத் தடி கொடுத்திருக்கிறார். உங்கள் அண்ணன் எறும்பைக்கூட ஒதுங்கி நடப்பவர், அந்தத் தடியை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "முதுகு சொறிய நல்லா இருக்கு" என்கிறார்.

ரயிலில் தண்ணீர் வரப்போகிறதாம், ஊரெல்லாம் பேச்சு. டிக்கெட் வாங்கி ஏறி வந்தால் சரி. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தாபு

---

லூணாசர்
14 ஜூன் 1987

அண்ணிக்கும் அண்ணனுக்கும் ராம் ராம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

டேங்கரோடு போலீஸ் வந்தது. வன்னி மரத்து முக்கில் நின்றவர்களை மட்டும் இல்லை, வீட்டில் இருந்தவர்களையும் வெளியே இழுத்து அடித்தார்கள். ஹட்மானைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். எனக்கு முதுகு. கவரி குறுக்கே வந்தாள். கூந்தலைப் பிடித்து வேலி முள்ளில் தள்ளினார்கள். முகத்திலிருந்து முள் எடுக்க ஒரு முழு மத்தியானம் ஆனது. "அக்காவுக்கு எழுதாதீங்க, சிரிப்பாங்க" என்றாள். சிரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்து எழுதுகிறேன்.

மிளகாய் முடிந்தது. மாடும் போய்விட்டது. கிணற்றில் வாளியை இறக்கினால் மண் சத்தம்தான்.

இனிமேல் ஊரில் யாரும் எந்த டேங்கர், யார் டிரைவர் என்று பார்க்கப்போவதில்லை. ஒருவேளை அண்ணன் இந்தப் பக்கம் வரவேண்டி வந்தால் முன்னாலேயே கார்டு போட்டு நாளைச் சொல்லுங்கள். வண்டியின் முன்னால் ஏதாவது துணி கட்டச் சொல்லுங்கள். நான் சாலையில் நின்று வண்டியைப் பத்திரமாகத் தாண்டவிடுகிறேன். மறக்காதீர்கள் அண்ணி.

புக்ராஜ்

---

(தபால் கார்டு)
ஜோத்பூர்
26 ஜூன் 1987

கொழுந்தனாருக்கு ராம் ராம். கவரியின் முகம் ஆறியதா? மஞ்சளும் நெய்யும் தடவச் சொல்லவும்.

பாலிப் பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது. இனி உங்கள் ஊர்ப் போரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சேட் சொல்லிவிட்டார். மாட்டேன் என்றால் வேலை இல்லை. உங்கள் அண்ணன் வருகிற வியாழக்கிழமை மதியம் வன்னி மரத்து முக்கைத் தாண்டுவார். வண்டியின் முன்னால் என் மஞ்சள் முந்தானை கட்டியிருக்கும், கல்யாணத்துக்கு உடுத்தியது. அதைப் பார்த்தும் எவனாவது கல்லைத் தூக்கினால் உங்களுக்கு என் வீட்டில் ஜென்மத்துக்கும் ரொட்டி கிடையாது. கட்டாயம் முக்கில் நிற்கவும். கவரிக்கு வெல்லம் கொடுத்தனுப்புகிறேன்.

தாபு

---

ஜோத்பூர், ஆஸ்பத்திரி
11 ஜூலை 1987

கொழுந்தனாருக்கு ராம் ராம். கார்டுக்குப் பதில் வரவில்லை. நீங்களும் வரவில்லை.

சேதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை உங்கள் ஊர் முக்கில் வண்டியை மறித்தார்கள். கிளீனர் முதல் கல்லிலேயே குதித்து ஓடிவிட்டான், அவன் எதையும் பார்க்கவில்லை. உங்கள் அண்ணனின் வலது கையில் கோடரி விழுந்தது. பெரிய டாக்டர் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார். உயிர் இருக்கிறது. எங்கள் அப்பா பெயர் வைத்த மாதிரி, போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

யார் என்று போலீஸ் கேட்டது. "தூசி. கண்ணு தெரியல" என்கிறார். நான் கேட்டாலும் அதே தூசிதான். எடுத்த கையின் விரல் அரிக்கிறது என்று ராத்திரியில் எழுந்து உட்காருகிறார். இல்லாத விரலை எங்கே சொறிவது?

ஸாயர் இங்கே ஒரு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தாள், அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து. "இதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. உம் புருஷன் தேறட்டும், அப்புறமா உம் மண்டைய ஒடைக்கிறேன்" என்றாள்.

"குடம் யாருது?" என்றேன்.

"உன்னுதுதான், உன் வீட்டுல இருந்துதான் எடுத்தேன். நசுங்கியிருக்கு பாரு, எம் மண்டைதான்" என்றாள்.

சண்டை போட்டவள் வந்துவிட்டாள். கூடப் பிறந்தவர் வரவில்லை. அன்றைக்கு வயலில் வேலையாக இருந்தீர்களோ? மிளகாயே முடிந்தது என்று எழுதியிருந்தீர்களே.

தாபு

---

லூணாசர்
25 ஜூலை 1987

அண்ணிக்கு ராம் ராம். எனக்குக் காய்ச்சல், அதனால் வர முடியவில்லை. கவரி மிளகாய் வற்றல் அனுப்பியிருக்கிறாள். ஹட்மானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மழை இல்லை.

புக்ராஜ்

---

ஜோத்பூர்
3 ஆகஸ்ட் 1987

கொழுந்தனாருக்கு.

உங்கள் கடிதம் நாலு வரி. திருப்பிப் பார்த்தேன், பின்னாலும் ஒன்றும் இல்லை. மழையைப் பற்றி எழுத இடம் இருந்தது. அண்ணன் கை எப்படி இருக்கிறது என்று கேட்க இடம் இல்லை. எருமை செத்தால்கூட நம் வீடுகளில் விசாரித்துக் கடிதம் போடுவோம்.

நான் சிரித்துக்கொண்டே இருப்பவள், அதனால் எனக்குப் புத்தி இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நேற்று உங்கள் அண்ணனுக்குக் கட்டுப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலியில் வாய் தவறிவிட்டது.

"பாவம், அவன் வெட்டும்போது அழுதான்" என்றார்.

"எவன்?"

"விடு."

"டேங்கர் டிரைவர வெட்டுறவன் எதுக்கு அழுவான்? சொல்லுங்க."

"தூசி கண்ணுல விழுந்திருக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் அவர் முதுகு குலுங்கியது. கையை எடுத்தபோதுகூட அழாதவர்.

நான் விடியும்வரை உட்கார்ந்து யோசித்தேன். ஊரில் எவன் வெட்டியிருந்தாலும் பெயரைச் சொல்லியிருப்பார். ஹட்மான் வெட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார்.

கொழுந்தனாரே, ஏன் அழுதீர்கள்?

தாபு

---

லூணாசர்
19 ஆகஸ்ட் 1987

அண்ணிக்கு.

ராம் ராம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கார்டு வியாழக்கிழமை காலையில் வந்தது. தபால்காரர் டீக்கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். டீக்கடைக்காரர் கொடுக்க, ஹட்மான் வாங்கி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார். கார்டைப் பிடித்த கையைத் தள்ளி நீட்டிக்கொண்டு, "புக்ரா, ஜோத்பூர்ல இருந்து" என்றார். கார்டில் ஒரு மூலை இல்லை.

உங்கள் கோணல் எழுத்து தூரத்திலேயே தெரிந்தது. எழுதியவர் நீங்கள் என்றால் போனவர் யார்? அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? டிரைவர்களை மிதித்துக் கொல்கிறார்கள் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். நான் ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லை அண்ணி. அண்ணன் செத்தார் என்பதை எழுத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாவுச் சேதியை வைத்திருக்கக் கூடாது என்று அங்கேயே சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் காற்றில் விட்டேன். கவரி மண்ணில் புரண்டாள். போகிற வழியில் நாவிதர் வீட்டில் தலையை மழித்துக்கொண்டேன். ஜோத்பூர் பஸ் பிடிக்கத்தான் முக்குக்குப் போனேன். கொள்ளி வைக்கவாவது வந்து சேரவேண்டும் என்று போனேன்.

பஸ்ஸுக்கு முன்னால் டேங்கர் வந்தது.

மறிக்க ஆட்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மஞ்சள் துணி ஒன்று முன்னால் ஆடியதைப் பார்த்தேன். அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தண்ணீருக்குத்தான் அண்ணனைக் கொன்றார்கள் என்ற ஒன்றுதான் மண்டையில் இருந்தது. கூடவே வந்திருந்த ஹட்மானின் தோளில் இருந்த கோடரியைப் பிடுங்கினேன். டிரைவர் தூசிக்குத் துண்டால் முகத்தை மூடியிருந்தார். கதவைத் திறந்தேன், தடியோடு ஒரு கை கீழே வந்தது. அந்தக் கையில் போட்டேன். மறுபடியும் போட்டேன். "எங்கண்ணன் எங்கடா, எங்கண்ணன் எங்கடா" என்று கத்திக்கொண்டு போட்டேன்.

அவர் சரிந்து மண்ணில் விழுந்தார். துண்டு விலகியது. கை தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"புக்ரா, தலைய ஏண்டா மழிச்ச? வீட்டுல யாருடா?" என்று கேட்டார்.

உனக்குத்தான் அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை. ஆவி என்று நினைத்து ஓடினேன். ஹட்மான்தான் தலைப்பாகையைக் கிழித்துத் தோளில் கட்டு போட்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம்.

சாயங்காலம் டீக்கடைக்காரர் அவருடைய ஆட்டைக் கட்டி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். உங்கள் கார்டின் மூலையோடு, தபால் கட்டில் இன்னும் இரண்டு பேருடைய கடிதத்தையும் அது தின்றிருந்தது. இந்தப் பஞ்சத்தில் அதற்கு வேறு என்ன கிடைக்கும்? அங்கேயே அவரிடமிருந்து கத்தியை வாங்கி ஆட்டை வெட்டினேன். அதனால் என்ன ஆகிவிட்டது?

கோடரி ஹட்மானுடையது. அதனால் அவரைப் பிடித்துவிட்டார்கள். நகத்தைப் பிடுங்குகிறார்களாம். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கவரி தினமும் என் காலைக் கட்டிக்கொள்கிறாள்.

டிரைவரின் வாயில் கல்லை எறிந்ததும் நான்தான்.

புக்ராஜ்

---

ஜோத்பூர்
24 ஆகஸ்ட் 1987

புக்ராஜ்,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "ஆட்டயா வெட்டுனான்?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்குப் பசிச்சிருக்கும்" என்றார். அவ்வளவுதான். அவர் அப்படி. எனக்கு அந்த மனசு கிடையாது. என்னை அண்ணி என்று கூப்பிடாதே. நான் உனக்கு 'நீங்கள்' போடுவதும் இல்லை இனிமேல்.

படித்து முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். யாராவது ஒரு வார்த்தை பேசட்டும், கொன்றுவிடலாம் என்று போனேன். என் முகத்தைப் பார்த்து எல்லாரும் வழி விட்டார்கள். முதல் முறையாக வரிசையில் நிற்காமல் தண்ணீர் கிடைத்தது. அந்தக் குடத்தைக் குவாரிப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வந்தேன். இந்தப் பஞ்சத்தில் யாரும் செய்யாத காரியம். ஸாயர் பார்த்துவிட்டு, "பைத்தியமா நீ?" என்று கன்னத்தில் அறைந்தாள். அறை வாங்கியபிறகுதான் அழுகை வந்தது.

இப்போது கேள். கார்டைப் படிக்காமல் கிழித்தது உன் குற்றம் இல்லை. நம் வீடுகளில் யாராக இருந்தாலும் கிழித்திருப்பார்கள், நானும் கிழித்திருப்பேன். டிரைவர் என்று நினைத்து வெட்டியது? அவன் எவளுக்குப் புருஷனோ, எவனுக்கு அண்ணனோ. சரி, அதையும் ரத்தம் தலைக்கேறியது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஹட்மானுக்கு ஒவ்வொரு நகமாகப் போகும்போது நீ வீட்டில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடிக்கிறாயே, அதற்கு எந்த ஆட்டைக் காரணம் சொல்லப்போகிறாய்? உன் அண்ணனுக்குக் கட்டு போட்டவன் அவன்.

கவரி காலைக் கட்டிக்கொண்டால் காலை உதறு. ஹட்மான் பெண்டாட்டிக்கும் கட்டிக்கொள்ள ஒரு கால் வேண்டாமா?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போலீஸ் தாணாவுக்குப் போ. போகாவிட்டால் நான் வருகிறேன். உன் அண்ணன் எவ்வளவு தூசி சொன்னாலும் எனக்கு இப்போது எழுதத் தெரியும். உன் பெயரை நானே எழுதிக் கொடுப்பேன். அதற்கு முன்னால் வன்னி மரத்து முக்கில் உன்னை நிற்க வைத்து, ஊர் பார்க்கச் செருப்பால் அடிப்பேன்.

தாபு

---

ஜோத்பூர் ஜெயில்
20 செப்டம்பர் 1987

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடாமல் எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்த அன்றே போனேன். முதலில் நம்பவில்லை. "ஒருத்தன் உள்ள இருக்கான், நீ வேற எதுக்குடா?" என்று விரட்டினார்கள். அண்ணனின் ரத்தம் பட்ட என் வேட்டியைக் கவரி துவைக்கத் தண்ணீர் இல்லாமல் சுருட்டி வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்புறம் நன்றாகவே நம்பினார்கள். இடது பக்கம் இன்னும் படுக்க முடியவில்லை.

ஹட்மானை வெளியே விடும்போது எதிரில் பார்த்தேன். கையில் துணி சுற்றியிருந்தது. என் முகத்தில் துப்பினார். துடைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "எங் கோடரி எப்படா கிடைக்கும்?" என்றார். அது கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றேன். "நீ வர்றதுக்குள்ள அது வந்தா உனக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்றார். ஆனால் கவரியை அவர் வீட்டில்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் வருகிறது. முதல் நாள் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன், பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு. நம் ஊர்த் தண்ணீர்தான், எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். குளிக்கிறேன். அங்கே ஊரில் யாரும் குளிப்பதில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறேன். முன்பு கேட்காததற்கும் சேர்த்து.

புக்ராஜ்

---

ஜோத்பூர், கல்குவாரி மேடு
4 அக்டோபர் 1987

அரசாங்க விருந்தாளி, இந்த ஊரிலேயே இரண்டு வேளையும் குழாயில் தண்ணீர் பார்க்கும் ஒரே பணக்காரர், என் கொழுந்தனார் புக்ராஜ் அவர்களுக்கு உங்கள் அண்ணி தாபு எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் குழாயடியில் படித்தேன். இரண்டு வேளை தண்ணீர் என்றதும் ஸாயர், "யாரக் குத்துனா அங்க சேத்துக்குவாங்க?" என்று கேட்டாள். நான் என் மண்டையைக் காட்டினேன். அவள் மறக்கவில்லை, நசுங்கிய குடத்தாலேயே ஒன்று வைத்தாள். இப்போது குடம் இரண்டு பக்கமும் நசுங்கியிருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது என்கிறாள். காது ஓரத்தில் தையல் போட்டிருக்கிறார்கள், வந்தால் காட்டுகிறேன்.

மழை இந்த வருஷம் இல்லை என்று ரேடியோவே சொல்லிவிட்டது. மேட்டில் இன்னும் குடிசைகள் முளைக்கின்றன. நேற்று டேங்கருக்கு அடியில் ஒருவன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டான். டேங்கர் நின்ற இடத்திலேயே வரிசையும் நின்றது.

அண்ணனைக் கேட்டீர்கள். வேலை போய்விட்டது. சேட்டுக்கு ஒற்றைக் கை டிரைவர் வேண்டாம். இரும்புத் தடியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். உங்கள் அண்ணன் இடது கையால் பீடி பற்ற வைக்கப் பழகிவிட்டார், தலைப்பாகை கட்டப் பழகவில்லை. நான் கட்டிவிட்டால் மணப்பெண்ணுக்குக் கட்டியது மாதிரி இருக்கிறது, ஊர் சிரிக்கிறது, அவரும் சிரிக்கிறார். கோர்ட்டில் கேட்டால் "தூசி" என்றுதான் சொல்வேன் என்கிறார். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள், அவர் பொய்யைச் சொல்லட்டும். ஜட்ஜ் பாடு.

நான் மன்னிக்கவில்லை. இதைத் தெளிவாகப் படித்துக்கொள்ளவும். ராத்திரியில் அவர் இல்லாத விரலைத் தேடும்போது உங்களை வெட்டிப் போடவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விடிந்ததும் மறுபடியும் நீங்கள் கொழுந்தனார் ஆகிவிடுகிறீர்கள். நான் என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். கம்பு ரொட்டி கொண்டுவருவேன். இவ்வளவு தூரம் வருவதற்குள் ஆறி, குவாரிக் கல் மாதிரி ஆகிவிடும். அதை ஒரு கையால் உடைக்க அவருக்கு முடிவதில்லை. நான் உடைத்துக் கொடுத்தால் வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார். கம்பிக்கு நடுவே கை நுழையுமா என்று வாசலில் கேட்டு வைத்தேன், நுழையுமாம். ரொட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொள்வார். அடுத்த பக்கத்தை நீங்கள் பிடியுங்கள்.

தாபு